குழந்தையின் கிண்ணத்தில் தண்ணீரைக் குறையுங்கள்

பென்னாகரம் பக்கத்தில் மலையடிவார ஊர் ஒன்றில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். ஊரில் இன்னமும் பால்வாடி டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். மாதாமாதம் எடை போடும்போது தாய்மார்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "நல்லாத்தான் சாப்பிடுது டீச்சர், ஏன் எடை ஏறல?" கிண்ணத்தில் என்ன கொடுத்தீர்கள் என்று விசாரித்தால் நீர்க்கக் கரைத்த கூழ், இல்லாவிட்டால் ரசம் ஊற்றிப் பிசைந்த சோறு என்பார்கள்.

குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு, அதன் எடையில் கிலோவுக்குச் சுமார் 30 மில்லி என்ற அளவில்தான் கொள்ளும். எட்டு கிலோ குழந்தைக்கு 240 மில்லி, அதாவது ஒரு டம்ளருக்குச் சற்று அதிகம். அதில் முக்கால்வாசி தண்ணீராகப் போனால் வயிறு நிறைந்துவிடும், குழந்தையும் சமாதானமாகத் தூங்கிவிடும், எடை மட்டும் ஏறாது. பெரியவர்கள் வேலைக்குப் போகும் முன் குடிக்கிற கூழ் அவர்களுக்குச் சரி. அதையே ஒன்பது மாதக் குழந்தைக்கு ஊட்டுவதுதான் பிரச்சினை.

ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். அதற்குப் பிறகு தாய்ப்பாலோடு இணை உணவு. எட்டு மாதம் வரை நாளைக்கு இரண்டு மூன்று வேளை, ஒன்பது மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை, இடையில் ஏதாவது சிறுதீனி. தாய்ப்பாலை இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தரலாம்.

எதைக் கொடுப்பது என்று டவுனுக்குப் போய் டப்பா வாங்க வேண்டியதில்லை. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் விளைகிற கேழ்வரகே போதும். நூறு கிராமில் சுமார் 340 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அரிசியில் பத்து இருந்தாலே அதிகம். தருமபுரி மாவட்டத்தில் 2023 முதல், கேட்பவர்களுக்கு ரேஷனில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு தருகிறார்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

அதை முளைகட்டித்தான் குழந்தைக்குச் சேர்க்க வேண்டும். ஒரு கிலோ எடுத்துக் கல், மண் போகப் புடைத்து, தண்ணீர் தெளியும் வரை கழுவி, இரவு ஊற வையுங்கள். காலையில் வடித்துப் பருத்தித் துணியில் தளர்வாக முடிந்து வைத்து, துணி காயும்போது தண்ணீர் தெளியுங்கள். வெயில் காலத்தில் மறுநாளே முளை எட்டிப் பார்க்கும். மார்கழியில், அதுவும் தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்துக் குளிருக்கு, கூடுதலாக ஒரு நாள் பிடிக்கும். பூசணம் தெரிந்தாலோ கெட்ட வாடை அடித்தாலோ மனசு பார்க்காமல் கொட்டிவிடுங்கள். நன்றாக முளைத்ததை வெயிலில், பல்லில் வைத்தால் நறுக்கென்று உடைகிற அளவுக்குக் காய வைத்து, உள்ளங்கையில் தேய்த்து வேரை உதிர்த்துப் புடையுங்கள்.

இந்த இடத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு கைப்பிடியை வறுக்காமல் தனியாக அரைத்து ஒரு சின்ன டப்பாவில் வையுங்கள். மீதியை வாசம் வர வறுத்து, மூன்று பங்குக்கு ஒரு பங்கு வறுத்த பாசிப்பயறோ பொட்டுக்கடலையோ சேர்த்து அரையுங்கள். மெஷினில் மிளகாய்த்தூள் ஓடி முடிந்த கையோடு இதைக் கொட்ட விடாதீர்கள். அந்தக் காரம் பட்டால் குழந்தை அப்புறம் கிண்ணத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பும்.

நான்கு மேசைக்கரண்டி மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் ஒரு டம்ளர் தண்ணீரில் கிளறிக் காய்ச்சுங்கள். கரண்டியைச் சாய்த்தால் ஓடாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். இவ்வளவு கெட்டியாக விழுங்கமாட்டேன் என்று குழந்தை துப்பினால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை விட்டு இறக்கி, கொதி அடங்கியதும், தனியாக வைத்த வறுக்காத மாவில் ஒரு தேக்கரண்டி போட்டுக் கலக்கி ஐந்து நிமிடம் விடுங்கள். முளைத்த தானியத்தில் இருக்கிற அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைப்பதால் கஞ்சி தானாக இளகும். கண்ணுக்கு நீர்த்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே போட்ட மாவு அப்படியே இருக்கிறது. வறுத்த மாவில் இந்த நொதி செத்துப்போயிருக்கும், அதனால்தான் தனி டப்பா. பிறகு இன்னொரு கொதி விட்டு இறக்கி, ஒரு தேக்கரண்டி கடலெண்ணெயோ நெய்யோ ஊற்றுங்கள். எண்ணெய் விட்டால் சளி பிடிக்கும் என்று ஆயாக்கள் தடுப்பார்கள். சண்டை போடாமல், எண்ணெய் விட்டால்தான் சின்ன வயிற்றுக்குள் தெம்பு ஏறும் என்று எடுத்துச் சொல்லுங்கள். பேரப்பிள்ளை மேல் அவர்களுக்கும் அக்கறைதானே!

அங்கன்வாடியில் கொடுக்கிற சத்துமாவும் குழந்தைக்கானது. அதில் வெல்லம் ஏற்கெனவே இருப்பதால் சர்க்கரை போட வேண்டாம். வீட்டிலுள்ள எல்லோருக்கும் உருண்டை பிடித்துக் கொடுத்துவிட்டால் குழந்தைக்கு எங்கே மிஞ்சும்?

இனி வீட்டுச் சாப்பாடு. சோற்றிலும் களியிலும் குழம்பின் தெளிவை ஊற்றாமல் அடியில் இருக்கிற பருப்பையோ மொச்சையையோ மசித்துப் போடுங்கள். முருங்கைக்கீரையை வேக வைத்துக் கடைந்து, சோற்றில் இரண்டு சொட்டு எலுமிச்சை பிழியுங்கள். கீரையிலுள்ள இரும்புச்சத்து அப்போதுதான் உடம்பில் நன்றாகச் சேரும். டீ அதற்கு நேர் எதிரி. காலையில் டீயில் பொறையை நனைத்துக் குழந்தைக்குக் கொடுக்கிற பழக்கம் நம் பக்கம் நிறைய. தயவுசெய்து அதை விடுங்கள். அந்தக் காசுக்கு ஒரு முட்டை வரும். நிலக்கடலையை வறுத்து, சொத்தையும் பூசணமும் பொறுக்கிவிட்டு, நைசாகப் பொடித்துச் சேர்க்கலாம். முழுக் கடலை தொண்டையில் சிக்கும், ஐந்து வயது வரை கூடாது. ஒரு வயதுக்குள் தேன் வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் நம் இரண்டு மாவட்டத்துக்கும் தனிக் கவலை உண்டு. போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், பிள்ளைகளின் பல் கறை அதனால் வந்ததுதான். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013 முதல் ஓடுகிறது. குடிப்பதற்கு மட்டும் அந்தத் தண்ணீரை எடுத்துவிட்டு, கஞ்சியைப் போர் தண்ணீரில் காய்ச்சுகிறார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும். சமையலுக்கும் ஒகேனக்கல் தண்ணீரையே பிடித்து வையுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். தாய்ப்பால், ஓ.ஆர்.எஸ். கரைசல், நர்சம்மா கொடுக்கும் துத்தநாக மாத்திரை 14 நாள். போக்கு நின்றாலும் மாத்திரையை முடிக்க வேண்டும். குணமான பிறகு இரண்டு வாரம் தினமும் ஒரு வேளை கூடுதலாக ஊட்டினால் இழந்த எடை திரும்பும்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு மேல்கைச் சுற்றளவை எங்களிடம் உள்ள நாடாவால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 11.5 செ.மீ.க்குக் கீழே, அதாவது நாடாவின் சிவப்புப் பகுதியில் இருந்தாலோ, இரண்டு பாதமும் வீங்கி விரலால் அழுத்தினால் குழி விழுந்தாலோ, வீட்டுக் கஞ்சியால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள் குழந்தையைக் கூட்டிப் போனால், மாவு டப்பாவோடு எடை அட்டையையும் எடுத்துப் போங்கள். போகிற ஊரிலும் அங்கன்வாடி இருக்கும், முதல் வாரமே போய்ப் பெயரைப் பதியுங்கள். ஆயாவிடமோ அவ்வாவிடமோ விட்டுப் போவதாக இருந்தால், கிளம்பும் முன் இந்தக் கஞ்சியை அவர்கள் கையாலேயே ஒருமுறை காய்ச்ச வைத்துப் பதத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்.