மலைப்பாதையில் ஒரு தங்குகுடில்: வடிவமைப்பை எங்கிருந்து தொடங்குவது?

மலையேறுபவர்களுக்கு ஒரு தங்குகுடில் வடிவமைக்க வேண்டும் என்றதும் பலர் முதலில் படம் வரைய உட்கார்ந்துவிடுகிறார்கள். கண்ணாடி முகப்பு, பள்ளத்தாக்கைப் பார்த்த பால்கனி என்று படம் அழகாக வளரும். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கரடுமுரடான நிலத்தில் ஒரு குடில் எத்தனை காலம் நிற்கும், மலைக்கு எவ்வளவு காயம் படும் என்பதை இரண்டு விஷயங்கள்தான் தீர்மானிக்கின்றன: அது நிற்கும் இடம், மேலே ஏற்ற வேண்டிய எடை. ஆறு பேர் ஓர் இரவு தங்கும் சிறு குடில் ஒன்றை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம்.

படி 1: கட்டத்தான் வேண்டுமா?

அரைநாள் நடையில் வேறொரு குடில் இருந்தால், கூடாரம் போடச் சமப்படுத்திய நாலு திட்டுகளே போதும். பழைய மேய்ப்பர் குடிசை ஒன்று இருந்தால் அதைப் பழுதுபார்ப்பது இன்னும் நல்லது. நிலத்துக்குப் பொறுப்பானவர்களின் அனுமதியையும் இந்தக் கட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்.

படி 2: முகடும் வேண்டாம், பள்ளமும் வேண்டாம்

இந்தப் படிக்கு எத்தனை நாள் செலவழித்தாலும் தகும். முகட்டில் காற்றும் இடியும் நேராக வந்து விழும். பள்ளத்தாக்கின் அடியில் வேறு தொல்லை: இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கி அங்கேதான் தேங்கும், வெள்ளமும் அந்த வழியாகத்தான் வரும். முகட்டுக்குக் கீழே, மலை தோள்போல் கொஞ்சம் தட்டையாக நீளும் இடங்களைத் தேடுங்கள்.

பனி பெய்யும் மலை என்றால் மேலே உள்ள சரிவின் கோணத்தை அளந்து பாருங்கள். பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளில்தான் புறப்படுகின்றன. அவற்றின் பாதையில் எதையும் கட்டக்கூடாது. காற்று மறைவான பக்கத்தில், முகட்டை ஒட்டினாற்போல் பனி குவியும் என்பதால் அங்கிருந்தும் விலகி நில்லுங்கள். தரையில் கிடக்கும் கற்களையும் கவனியுங்கள். பாசி படியாத, புதிதாக உடைந்த முகம் கொண்ட கற்கள் நிறையக் கிடந்தால், மேலிருந்து இன்னும் கல் விழுந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மரங்களின் கிளைகள் ஒரே பக்கமாக வளர்ந்திருந்தால் காற்றின் திசை தெரிந்துவிடும்.

நீரோடையிலிருந்து குறைந்தது 60 மீட்டராவது தள்ளி இருங்கள். செடி முளைத்த தரையை விட்டு, பாறையோ ஏற்கெனவே மிதிபட்ட மண்ணோ உள்ள இடமாகப் பாருங்கள். உயர்மலைச் செடிகள் ஒருமுறை நசுங்கினால் மீண்டு வரப் பல ஆண்டுகள் ஆகும்.

படி 3: ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் எடையை எழுதுங்கள்

மேலே போவதெல்லாம் மனித முதுகிலோ, கழுதை முதுகிலோ, ஹெலிகாப்டரிலோதான் போக வேண்டும். ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறக்குறைய 2,400 கிலோ. அதோடு, குடிலின் காலம் முடிந்த பிறகு அதை உடைத்துக் கீழே கொண்டுவர யாரும் முன்வர மாட்டார்கள். அதனால் அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பாறை இருந்தால் துளையிட்டு எஃகு ஆங்கர் (பாறையைப் பிடித்துக்கொள்ளும் கம்பி) இறக்கலாம். மண் என்றால் திருகாணிபோல் முறுக்கி மண்ணுக்குள் இறக்கும் எஃகுத் திருகுத்தூண்கள் போதும். மேலே உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் எஃகுக் கால்கள் வைத்தால் சரிவை வெட்டிச் சமப்படுத்தும் வேலையே இல்லை.

ஒருவர் தனியாகச் சுமக்க முடியாத எந்தத் துண்டும் படத்தில் இருக்கக்கூடாது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். அளவும் தானாகவே சிறுத்துவிடும். சுவிட்சர்லாந்தின் மேட்டர்ஹார்ன் சிகரத்தில் 4,003 மீட்டர் உயரத்தில் 1915இல் கட்டிய சோல்வே குடிலில் பத்துப் பேருக்குத்தான் இடம், அதுவும் அவசரத்துக்கு மட்டும். அத்தனை சிறிய குடில் நூறு ஆண்டுகளைத் தாண்டி இன்னும் பயன்படுகிறது.

படி 4: தூணின் அடி, கூரையின் பிடி

மரம் பக்கவாட்டை விட வெட்டுமுனை வழியாகத்தான் தண்ணீரை வேகமாகக் குடிக்கும். எனவே தூண் மண்ணைத் தொடவே கூடாது. கால்வனைஸ் செய்த எஃகுத் தாங்கியில் அதை உட்காரவைத்து, தரைக்கும் மரத்துக்கும் நடுவே 15 சென்டிமீட்டராவது இடைவெளி விடுங்கள். தாங்கியின் அடித்தகட்டில் ஒரு துளை போட்டுவிடுங்கள், உள்ளே இறங்கும் தண்ணீர் வடிந்துவிடும். துளை இல்லாத தாங்கி தண்ணீரைப் பிடித்துவைத்து, தூணை உள்ளிருந்தே அழுக வைக்கும்.

அடுத்தது காற்று. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 25 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். வேகம் இரண்டு மடங்காகி 144 ஆனால், அழுத்தம் நான்கு மடங்காகி 100 கிலோ ஆகிவிடும். இருபது சதுர மீட்டர் கூரைக்கு அது இரண்டு டன். காற்று கூரையை மேலே உறிஞ்சித் தூக்கவும் செய்யும் என்பதால் கைமரத்தை ஆணியால் மட்டும் அடித்து நிறுத்தாதீர்கள். கைமரத்திலிருந்து தூணுக்கும், தூணிலிருந்து ஆங்கருக்கும் எஃகுப் பட்டையும் போல்டும் தொடர்ச்சியாக இறங்க வேண்டும். இறவாரத்தைக் குட்டையாக வைத்து, ஒற்றைச் சரிவுக் கூரையின் தாழ்ந்த பக்கத்தைக் காற்று வரும் திசைக்குத் திருப்புங்கள். படிந்து இறுகிய பனி ஒரு மீட்டர் உயரத்துக்கே சதுர மீட்டருக்கு 300 கிலோ வரை வரும். இந்தக் கணக்குகளை முடிவுசெய்யும் முன் ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

படி 5: வெப்பமும் ஈரமும்

தூங்கும் ஒருவரின் உடல் ஏறக்குறைய 75 வாட் வெப்பம் தருகிறது. ஆறு பேர் என்றால் 450 வாட். அறை சிறிதாக, மேற்தளம் தாழ்வாக, சுவரில் நல்ல வெப்பக்காப்பு இருந்தால் அடுப்பு இல்லாமலே இரவைக் கடத்தலாம். படுக்கை மேடையை உயர்த்தி வையுங்கள், சூடு மேலேதான் நிற்கும்.

அதே ஆறு பேரின் மூச்சில் ஒரே இரவில் ஒரு லிட்டருக்கு மேல் நீராவி வெளியேறும். அது போக வழி இல்லையென்றால் சுவர் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்று தாழ்வாகவும் ஒன்று உயரமாகவும், யாராலும் அடைக்க முடியாத காற்றுத்துளைகள் வையுங்கள். குளிருக்குப் பயந்து உள்ளே அடுப்பு மூட்டுபவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, இந்தத் துளைகள்தான் அவர்கள் உயிரைக் காக்கும்.

படி 6: தண்ணீரும் கழிப்பறையும்

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். இருபது சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால், சிந்தியது போக 160 லிட்டர் தேறும். குடிக்கும் முன் வடிகட்டிக் கொதிக்கவைக்க வேண்டும் என்ற அறிவிப்பையும் தொட்டியருகே மாட்டுங்கள்.

கழிப்பறையில் சிறுநீரைத் தனியே பிரித்துவிட்டால் நாற்றமும் எடையும் பாதியாவது குறையும். குளிர்ந்த உயரங்களில் மலம் மட்கவே மட்காது, அங்கே மூடிய பீப்பாயில் சேர்த்துக் கீழே இறக்குவதே ஒரே வழி.

படி 7: முதலில் கீழே கட்டிப் பாருங்கள்

மேலே ஏற்றும் முன் முழுக் குடிலையும் சமவெளியில் ஒருமுறை பூட்டுங்கள். போல்டெல்லாம் ஒன்றிரண்டு அளவுக்குள் இருக்கட்டும், ஒரே ஸ்பேனரில் வேலை முடியும். ஒவ்வொரு துண்டுக்கும் எண் எழுதி, கழற்றும் வரிசையைத் தகட்டில் பொறித்துக் கதவின் உட்புறம் மாட்டுங்கள். அப்புறம் ஹோஸ் பைப்பால் கூரையின்மேல் ஒரு மணி நேரம் தண்ணீர் அடித்து, ஒழுகும் இடங்களைச் சாக்பீஸால் குறித்துச் சரிசெய்துவிட்டு மேலே அனுப்புங்கள்.