சூரை, அயிலை, சாளை: ஹோட்டல் அடுக்களையில் கவனிக்க வேண்டியவை

மீன் கொஞ்சம் பழசானாலும் நன்றாகப் பொரித்துவிட்டால் சரியாகிவிடும் என்று அடுக்களையில் பலர் நம்புகிறார்கள். சூரை, அயிலை (கானாங்கெளுத்தி), சாளை (மத்தி) மூன்றிலும் இந்த நம்பிக்கை ஆபத்தானது. இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் சூட்டில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமின் என்ற நஞ்சாக மாற்றிவிடும். உருவான ஹிஸ்டமின் கொதிக்கும் எண்ணெயிலும் போகாது, ஃப்ரீசரிலும் போகாது. நாற்றமே இல்லாத மீனிலும் அது இருக்கலாம். அதனால் மோந்து பார்த்து முடிவுசெய்யாதீர்கள்.

குளச்சலிலோ சின்னமுட்டத்திலோ மீன் எடுக்கும்போதே ஐஸ் பெட்டி கையோடு இருக்க வேண்டும். 1 கிலோ மீனுக்கு 1 கிலோ பொடித்த ஐஸ். அடியில் ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ் என்று அடுக்குங்கள். வெறுமனே மேலே கொட்டினால் அடியில் உள்ள மீன் குளிராது. உருகிய தண்ணீர் வடிய பெட்டியில் துளை வேண்டும். அந்த அழுக்குத் தண்ணீரில் மீன் ஊறக்கூடாது. அடுக்களைக்கு வந்ததும் செவுளையும் குடலையும் எடுத்துவிடுங்கள், பாக்டீரியா அங்கேதான் அதிகம். பிறகு குளிர்ந்த நல்ல தண்ணீரில் கழுவி 4 டிகிரிக்குக் கீழே வையுங்கள்.

அதிகம் தவறு நடப்பது மசாலா புரட்டிய பிறகுதான். காலையில் புரட்டிய தட்டை மதியக் கூட்டம் முடியும்வரை அடுப்புப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். உப்பும் மிளகாயும் காக்கும் என்று எண்ண வேண்டாம். ஃப்ரிட்ஜில் வைத்து, அரைமணி நேரத்துக்குத் தேவையானதை மட்டும் வெளியே எடுங்கள்.

விரலில் வெட்டுக்காயம், சீழ் உள்ளவர் உணவைத் தொடவே கூடாது. அதிலுள்ள ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா விடும் நஞ்சும் சூட்டுக்கு அழியாது. காசு வாங்கிய கை, பச்சை மீன் தொட்ட கை இரண்டையும் சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவிய பிறகே இலையைத் தொடலாம். கையுறை போட்டிருந்தாலும், வேலை மாறும்போது அதையும் மாற்ற வேண்டும்.

மீந்த மீன்குழம்பை மறுநாள் மரச்சீனிக்கு (மரவள்ளிக்கிழங்குக்கு) ஊற்றுவதானால், இரவு முழுக்க அடுப்படியில் விடாதீர்கள். அகலப் பாத்திரங்களில் பிரித்து, ஐஸ் தண்ணீரில் வைத்து ஆற்றி, 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

மீன் சாப்பிட்டவருக்குச் சற்று நேரத்திலேயே முகம் சிவந்து, தடித்து, தலைவலித்தால் அது ஹிஸ்டமினால் இருக்கலாம்; அலர்ஜி என்று ஒதுக்காமல் டாக்டரிடம் அனுப்புங்கள். அந்த மீனைப் பரிமாறுவதை உடனே நிறுத்தி, ஒரு துண்டைத் தனிப் பையில் கட்டி, தேதி எழுதி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லுங்கள்.