இன்சூரன்ஸ் இல்லாத வண்டி இடித்தால்: நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள்

போன வாரம் நீடாமங்கலத்திலிருந்து ஒரு பையன் வந்தான். கார் வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. நெல் மூட்டை ஏற்றிய லோடு வேன் ஒன்று கதவை நசுக்கிவிட்டதாம். இன்சூரன்ஸ் முடிந்து ஒரு வருஷம் ஆன வண்டி. "ஆறாயிரம் கொடுத்தாங்கண்ணே. எழுதிக் கொடுத்துட்டேன், பிரச்சினை முடிஞ்சுது" என்று அந்தத் தாளைக் கைபேசியில் காட்டினான். எனக்கு வயிறு எரிந்தது. ஏறக்குறைய அதே வாசகத்தின் கீழ் நானும் ஒரு காலத்தில் கையெழுத்துப் போட்டவன்.

மன்னார்குடிப் பக்கம் இருபது வருஷமாக வாகன இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருக்கிறேன். போட்டோ எடுங்கள், சாட்சி பிடியுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி இடித்தால் நம் ஆட்கள் செய்யும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

"இன்சூரன்ஸ் இருக்கு" என்றால் நம்புவது

அரசின் எம்-பரிவாகன் செயலியில் இடித்த வண்டியின் நம்பரைப் போட்டு அங்கேயே பாருங்கள்.

சமாதானக் கடிதம்

தை மாசம், சம்பா அறுவடை நேரம். திருவாரூர் சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. இருட்டின பிறகு, விளக்கில்லாத டிராக்டர் ஒன்று டிப்பரோடு வயலிலிருந்து சாலைக்கு ஏறி என் காரின் இடது பக்கத்தில் மோதியது. காரில் அம்மாவும் இருந்தார். டிராக்டருக்கு இன்சூரன்ஸ் கிடையாது. பத்து நிமிஷத்தில் ஊரே கூடிவிட்டது. பெரியவர் ஒருவர் தோளில் கை வைத்தார். "தம்பி, நாளைக்கு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கணும்ல. எட்டாயிரம் வாங்கிக்குங்க." வாங்கிக்கொண்டேன். 'இந்த விபத்து தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதியும் கொடுத்தேன்.

ஒர்க்‌ஷாப்பில் தூக்கிப் பார்த்தால் கீழே சஸ்பென்ஷன் வளைந்திருந்தது. பில் 46,000. இரண்டு நாள் கழித்து அம்மாவின் மணிக்கட்டு வீங்கியது. எக்ஸ்ரேயில் விரிசல்.

சரி, நம்மிடம்தான் நம் வண்டிச் சேதத்துக்கும் பணம் தரும் ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று கிளெய்ம் போட்டேன். கம்பெனியில் அந்தத் தாளின் நகலைக் கேட்டார்கள், கிளெய்மை மறுத்துவிட்டார்கள். காரணம் இதுதான்: உங்களுக்குப் பணம் கொடுத்த கம்பெனி, இடித்தவரிடம் உங்கள் இடத்தில் நின்று அதை வசூலிக்கலாம். நீங்களே உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டால் கம்பெனி எதை வைத்துக் கேட்கும்? ஏஜெண்டான எனக்கே அன்றைக்கு இது உறைக்கவில்லை. காயத்துக்கு வழக்குப் போட்டாலும் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவது அந்தத் தாளைத்தான்.

இப்போது சட்டம் இன்னும் நம் பக்கம் இருக்கிறது, அதனால்தான் கோபம் கூடுகிறது. 2022இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த மாற்றத்தின்படி, விபத்தில் சிக்கிய வண்டிக்குத் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் (அந்த வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்கானது) இல்லையென்றால், நஷ்ட ஈட்டுக்குப் போதுமான பிணை கொடுக்கும் வரை கோர்ட் அதை விடுவிக்கக் கூடாது. மூன்று மாதம் ஆகியும் கொடுக்காவிட்டால் ஏலத்துக்குப் போகும். ஆக, வண்டி ஸ்டேஷன் வாசலில் நிற்கும் வரைதான் உங்கள் கையில் பிடி. ஆறாயிரத்துக்குக் கையெழுத்துப் போட்டால் அந்த வண்டி மறுநாளே மூட்டை ஏற்றப் போய்விடும்.

அவர்கள் பணம் கொடுத்தால் வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. முதலில் போலீஸில் புகார் கொடுத்து, அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். யாருக்காவது காயம் என்றால் எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லி நில்லுங்கள். உங்கள் கம்பெனிக்கும் அன்றே தகவல் சொல்லுங்கள். அப்புறம் பணம் வாங்க வேண்டி வந்தால் 'முன்பணமாகப் பெற்றேன்' என்று மட்டும் எழுதுங்கள். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி எந்தத் தாளிலும் வரக் கூடாது.

அபராதம் போட்டாச்சு என்று திருப்திப்படுவது

இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் தடவைக்கு 2,000 ரூபாய். அது அரசாங்கத்துக்கு.

ஓட்டியவரை மட்டும் பிடிப்பது

நம் பக்கம் பழைய டிராக்டரும் குட்டியானையும் மூன்று கை மாறியிருக்கும், ஆர்.சி.யில் பேர் மாறியிருக்காது. "நான் வித்துட்டேங்க" என்பார் முதல் ஆள். ஆர்.சி.யில் பேர் இருப்பவரே உரிமையாளர், நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. நஷ்ட ஈடு கேட்டு மோட்டார் விபத்து தீர்ப்பாயத்தில் போடும் மனுவில் அவர் பேர் கட்டாயம் இருக்க வேண்டும். (பழைய வண்டியை விற்றுவிட்டுப் பேர் மாற்றாமல் இருக்கிறீர்களா? இதை இன்னொரு தடவை படியுங்கள்.) தீர்ப்பு வந்தும் பணம் தராவிட்டால், தீர்ப்பாயத்திடம் சான்றிதழ் வாங்கி, நிலவரி பாக்கி போலக் கலெக்டர் மூலம் வசூலிக்க வழி உண்டு. காணி நிலம் இருப்பவர் அதற்குப் பயப்படுவார்.

நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளுவது

2022 ஏப்ரல் 1க்குப் பிறகு நடந்த விபத்துக்கு, ஆறு மாதத்துக்குள் மோட்டார் விபத்து தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும் என்கிறது சட்டம். தாண்டினாலும் வாதாடலாம் என்று சொல்லும் வக்கீல்கள் உண்டு. அந்தப் பரீட்சைக்கு நான் யாரையும் அனுப்ப மாட்டேன். விபத்து திருச்சியில் நடந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம், அலைச்சல் என்று சாக்குச் சொல்ல வேண்டாம்.

தேர்டு பார்ட்டி மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது

எதிராளியிடம் இன்சூரன்ஸ் இல்லாத அன்று உங்கள் காரின் பில் உங்களுக்குத்தான். ஃபுல் போட்டவருக்கும் ஒரு எரிச்சல் உண்டு: தப்பு அடுத்தவருடையது என்றாலும் கிளெய்ம் எடுத்தால் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் எடுக்காதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போகும். கதவில் சின்னக் கீறல் மட்டும் என்றால் கணக்குப் பார்த்துவிட்டுக் கிளெய்ம் போடுங்கள்.

நீடாமங்கலத்துப் பையனின் ஒர்க்‌ஷாப் பில் இன்னும் வரவில்லை.