வன்னிச் சமவெளியிலிருந்து மலைக்குள் சிறுவிமானம்: எங்கே தவறுகிறார்கள்

வவுனியாவிலிருந்து செஸ்னா 152 என்ற இரட்டை இருக்கைச் சிறுவிமானத்தில் தெற்கே திரும்பினால் முக்கால் மணி நேரத்தில் மாத்தளை மலைகள் முன்னால் நிற்கும். வன்னியில் 1,000 அடியில் பறந்து பழகியவருக்கு எஞ்சின் நின்றாலும் வயலோ வற்றிய குளத்தரையோ அகப்படும். மலைக்குள் அது இல்லை. ஆனால் அங்கே ஆளை முதலில் மாட்டிவிடுவது எஞ்சினல்ல, காற்று.

சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து வந்து, மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டி மறுபக்கம் சரிந்து இறங்குகிறது. மட்டக்களப்பார் கச்சான் என்று அலுத்துக்கொள்ளும் வறண்ட காற்றும் இதுதான். மே முதல் செப்டெம்பர் வரை வன்னியிலிருந்து போகிறவர் மலையைச் சந்திப்பது இந்த இறங்குகாற்றுப் பக்கத்தில். மேற்கிலிருந்து வருபவரைக் காற்று தூக்கிவிடும், உங்களை அமுக்கும். செஸ்னா 152 கடல்மட்டத்தில் நிமிடத்துக்குச் சுமார் 700 அடி ஏறும். 6,000 அடியில் ஏறக்குறைய பாதிதான். முகட்டின் பின்னால் காற்று நிமிடத்துக்கு 1,000 அடிக்கு மேலும் கீழே தள்ளலாம்.

அப்போது கை தானாக மூக்கைத் தூக்கப் பார்க்கும். தூக்கினால் வேகம் விழுந்து விமானம் ஸ்டோல் ஆகும், அதாவது இறக்கை தூக்குதிறனை இழந்துவிடும். முழு த்ரொட்டில் கொடுத்து, ஏறுவேகத்துக்குக் குறையாமல் மூக்கை வைத்து, தாழ்ந்த நிலத்தின் பக்கம் திரும்புங்கள்.

முகட்டுக்கு நேராகப் போவது அடுத்த தவறு. முகட்டுக்கு 45 பாகைக் கோணத்தில் அணுகினால் சிறிய திருப்பத்திலேயே விலகிவிடலாம். காற்று பலமென்றால் முகட்டுக்கு மேல் 2,000 அடி இடைவெளி வேண்டும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் கொம்பனியா சிகரம் 1,906 மீற்றர், சுமார் 6,250 அடி. அதைக் கடக்க 8,250 அடி வேண்டுமென்றால் தம்புள்ளைக்கு முன்பே ஏறத் தொடங்க வேண்டும். மலை தெரிந்த பிறகு ஏறலாம் என்பது சமவெளிக்காரர் நினைப்பு.

பள்ளத்தாக்கின் நடுவே பறப்பது பாதுகாப்பாகத் தோன்றும். உண்மையில் திரும்புவதற்குப் பாதி அகலந்தான் மிஞ்சும். காற்று மோதி மேலெழும் சரிவை ஒட்டிப் பறந்தால் தூக்கலும் கிடைக்கும், திரும்ப முழு அகலமும் இருக்கும். 100 நொட் (மணிக்குச் சுமார் 185 கிலோமீற்றர்) வேகத்தில், இறக்கையை 30 பாகை சரித்துத் திரும்ப 3,000 அடிக்கு மேல் அகலம் தேவை. 70 நொட்டில் அதில் பாதி போதும். அதனால் வேகத்தைக் குறைத்த பின்பே திரும்ப வேண்டும். அவசரத்தில் 60 பாகைக்குச் சரித்தால் ஸ்டோல் வேகம் 41 சதவீதம் கூடிவிடும். தரை மெல்ல உயர்வது கண்ணுக்குச் சமவெளி போலவே தெரியும், ஆகவே வெளியே பார்ப்பதோடு வேகமானியையும் பாருங்கள்.

நுவரெலியா சுமார் 6,130 அடி உயரம். வெப்பம் 20 பாகை என்றால் எஞ்சினுக்கும் இறக்கைக்கும் அது 8,000 அடிக்கு மேல் இருக்கும் அளவுக்கு மெல்லிய காற்று. எரிபொருள் கலவையை மெலிதாக்காவிட்டால், அதாவது காற்றோடு சேரும் எரிபொருளைக் குறைக்காவிட்டால், இருக்கும் பலமும் குறையும். இலங்கையில் பனிக்கட்டியா என்று சிரிக்கவும் வேண்டாம்: ஈரமான முகிலுக்கு அருகில், 20 பாகையிலும், காற்றையும் எரிபொருளையும் கலக்கும் கார்பரேற்றருக்குள் அது படியும். எஞ்சின் சுற்று காரணமின்றிக் குறைந்தால் கார்பரேற்றர் சூட்டுக் குமிழை முழுதாக இழுங்கள். முதலில் எஞ்சின் இன்னும் கரகரக்கும், பயந்து சூட்டை உடனே நிறுத்திவிடாதீர்கள்.

மாலை முகில் கூடும் முன், காலையிலேயே போய்த் திரும்புங்கள். பள்ளத்தாக்குகளுக்குக் குறுக்கே உயர்மின் கம்பிகள் ஓடுகின்றன. கம்பி கண்ணுக்குத் தெரியாது, கோபுரந்தான் தெரியும். கடப்பதென்றால் கோபுரத்துக்கு நேர் மேலே கடவுங்கள்.