நிரூபிக்கும் முன் நட்சத்திரத்தில் போட்டுப் பாருங்கள்

கோட்டுருவியலில் (முனைகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கணிதம்) மரங்களைப் பற்றி, அதாவது சுற்றே இல்லாத இணைந்த கோட்டுருக்களைப் பற்றி, ஒரு கருதுகோள் தோன்றினால், நிரூபணத்தில் இறங்கும் முன் அதை நட்சத்திரக் கோட்டுருவிலும் (ஒரு நடு முனையோடு மற்ற முனைகள், அதாவது இலைகள், எல்லாம் நேரடியாக இணைந்தது) பாதையிலும் (முனைகள் ஒரே வரிசையாக இணைந்தது) போட்டுப் பாருங்கள், ஏனென்றால் பல அளவுகளுக்கு இந்த இரண்டும்தான் இரு எல்லைகள். வீனர் எண்ணையே எடுங்கள் (முனை ஜோடிகளின் தூரங்களுடைய கூட்டுத்தொகை, பாரஃபின் என்ற ஹைட்ரோகார்பன்களின் கொதிநிலையைக் கணிக்க 1947-இல் வந்தது): முனை எண்ணிக்கை சமமான மரங்களில் நட்சத்திரத்துக்குத்தான் மிகக் குறைவு, இலைகளின் எண்ணிக்கையின் வர்க்கம், அவ்வளவுதான். பாதைக்கு மிக அதிகம்.

அப்புறம், ஐகன் மதிப்பு (அணியால் பெருக்கும்போது சில திசையன்கள் வெறுமனே எத்தனை மடங்காகின்றனவோ அந்த எண்) பற்றிய கூற்று என்றால் 4 இலை நட்சத்திரத்தைக் கட்டாயம் சோதியுங்கள். அதன் அண்டை அணிக்கு (எந்த இரு முனைகள் கோட்டால் இணைந்தவை என்பதை 1, 0 என்று குறிப்பது) ஐகன் மதிப்புகளாக 2, 0, 0, 0, -2 வரும். 4 முனைச் சுற்றோடு தனி முனை ஒன்றை வைத்தாலும் அதேதான், இத்தனைக்கும் அது இணைந்த கோட்டுருவே இல்லை! இணைப்பு தெரிய வேண்டுமானால் லப்லாசியன் அணிக்கு (ஒவ்வொரு முனையிலும் சேரும் கோடுகளின் எண்ணிக்கையை மூலைவிட்டத்தில் வைத்து அண்டை அணியைக் கழித்தது) மாறுங்கள், அதன் ஐகன் மதிப்புகளில் 0 எத்தனை முறை வருகிறதோ அத்தனை துண்டுகள்.