மதுவிலக்கு: இரண்டு பக்கத்தையும் தேடிப் படிப்பது எப்படி?

தீபாவளி வந்தால் எங்கள் வீட்டில் இந்தச் சண்டையும் வந்துவிடும். "கடையை மூடினாத்தான்டா குடும்பம் விளங்கும்" என்று பெரியம்மா ஆரம்பிப்பார். வணிகவரித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா, "மூடிட்டு சம்பளத்தை யாரு தர்றது?" என்பார். பெரியம்மா குடியால் பெரியப்பாவை இழந்தவர். மாமா முப்பது வருடம் வரிக்கணக்கு பார்த்தவர். ஒருவர் சொன்னதை மற்றவர் காதில் வாங்கியதாக எனக்கு நினைவில்லை. போன தடவை, "நீ படிச்சவன்தானே, நீ சொல்லு" என்று என்னையும் உள்ளே இழுத்தார்கள். சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அப்புறம்தான் உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். தேடியது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன். நீட், ஜல்லிக்கட்டு, அணுமின் நிலையம் என்று வேறு எந்த விவகாரத்துக்கும் இதே வழி உதவும்.

முதல் படி: கேள்வியை நறுக்குங்கள்

"மதுவிலக்கு நல்லதா, கெட்டதா?" என்ற கேள்வியை வைத்துக்கொண்டு தேடினால் மேடைப் பேச்சுதான் கிடைக்கும். அதற்குள் நாலைந்து கேள்விகள் இருக்கின்றன. தடை போட்டால் குடி குறைகிறதா? வீட்டில் அடி உதை குறைகிறதா? கள்ளச்சாராயம் பெருகுகிறதா? போகும் வருமானத்தை எதை வைத்து ஈடுகட்டுவது? முதல் கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் ஒரே நேரத்தில் "ஆமாம்" என்று பதில் வரலாம். குடி குறையவும் செய்யும், சாராயச் சாவும் நடக்கும். இதைப் பிரித்துக்கொள்ளாததால்தான் பெரியம்மாவும் மாமாவும் இருவருமே சரியாகப் பேசிக்கொண்டே சண்டை போடுகிறார்கள்.

ஏதாவது ஒரு கேள்வியை எடுத்து ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அதற்குக் கீழே, இன்றைய தேதியில் உங்கள் மனசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றும் ஒரு வரி எழுதுங்கள். என் நோட்டில் "பெரியம்மா பக்கம்" என்று இருந்தது. இதை எழுதி வைத்தால் எந்தக் கட்டுரையைப் படிக்கும்போது நாம் தலையாட்டிக்கொண்டே வேகமாகத் தாண்டுகிறோம் என்று பிடிபடும். அங்கேதான் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும்.

இரண்டாம் படி: யார் யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள்

இரண்டு பக்கம் என்கிறோம், ஆனால் எண்ணிப் பார்த்தால் அதற்கு மேல் வரும். உடனே முழு மதுவிலக்கு கேட்பவர்கள் இருக்கிறார்கள். கடைகளைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். சட்டத்தை விடச் சிகிச்சைதான் முக்கியம் என்னும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். வருமானத்தைச் சுட்டிக்காட்டும் அரசுத் தரப்பு இருக்கிறது. இவர்கள் யாரோடும் சேராமல், "கேரளாவில் கள் இறக்கலாம், இங்கே மட்டும் ஏன் குற்றம்?" என்று கேட்கும் பனை, தென்னை விவசாயிகளும் இருக்கிறார்கள். நான் முதலில் இவர்களை மறந்தே போனேன்.

ஒரே சம்பவம் இரண்டு தரப்புக்கும் சாட்சியாக நிற்பதையும் கவனியுங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65 பேருக்கு மேல் செத்தார்கள். ஒரு தரப்பு, "குடியைப் பழக்கிவிட்டதன் விளைவு இது" என்றது. இன்னொரு தரப்பு, "கடை திறந்திருக்கும்போதே இப்படி என்றால், மூடினால் என்ன ஆகும்?" என்றது. தடை அமலில் இருந்த பீகாரின் சாரண் மாவட்டத்தில் 2022 டிசம்பரில் 40 பேருக்கு மேல் விஷச்சாராயத்துக்குப் பலியானார்கள். சாவு எண்ணிக்கையை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் ஜெயிக்க முடியாது.

மூன்றாம் படி: அரை மணி நேரம் பழைய கதை

நீட்டி முழக்க வேண்டாம், ஆனால் விடவும் வேண்டாம். 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி கொண்டுவந்தார். இதைச் சொன்னபோது மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவர் ஆயுள் முழுக்கப் பார்த்த வேலையின் வேர் மதுவிலக்கில் இருக்கிறது! 1971இல் கருணாநிதி ஆட்சியில் தடை தளர்ந்தது, 1974இல் திரும்ப வந்தது, 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் தொடங்கியது, 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. இன்றைக்கும் இங்கே மது விற்பனையை ஆளும் சட்டத்தின் பெயர் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 என்பதுதான்.

வெளியே பார்த்தால், நெல்லூர்ப் பெண்களின் சாராய எதிர்ப்புப் போராட்டத்துக்குப் பின் 1995இல் ஆந்திரத்தில் முழுத் தடை வந்தது, 1997இல் தளர்த்தப்பட்டது. ஹரியானா 1996இல் தடை போட்டு 1998இல் எடுத்துவிட்டது. குஜராத் ஆரம்பத்திலிருந்தே விடவில்லை. மது மாநிலப் பட்டியலில் உள்ள, அதாவது மாநிலங்களே சட்டம் போடக்கூடிய விஷயம் என்பதால் ஒப்பிட இத்தனை மாநிலங்கள் கிடைக்கின்றன.

நான்காம் படி: எண்ணைப் பார்த்தால் அதன் பிறந்த வீட்டுக்குப் போங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். வாட்ஸ்அப்பில் வந்த எண், டிவி விவாதத்தில் சொன்ன எண் எதையும் அப்படியே நோட்டில் ஏற்றாதீர்கள். டாஸ்மாக் வருமானம் வேண்டுமா? மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பைத் தேடுங்கள். அரசு இணையதளத்தில் தமிழிலேயே இருக்கும்.

அதில் 2022-23க்கு 44,121 கோடி ரூபாய், 2023-24க்கு 45,856 கோடி ரூபாய் என்று இருக்கிறது. இந்த இரண்டு எண்களை வைத்து என்னவெல்லாம் சொல்லலாம் என்று பாருங்கள். "ஒரே வருடத்தில் 1,700 கோடிக்கு மேல் கூடுதல், குடி பெருகிவிட்டது" என்று ஒருவர் எழுதலாம். கணக்குப் போட்டால் உயர்வு 4 சதவீதம்கூட இல்லை. அந்த ஆண்டு நாட்டின் சில்லறை விலைவாசி உயர்வு 5.4 சதவீதம். அப்படியானால் பணத்தின் மதிப்பில் பார்த்தால் வருமானம் இறங்கித்தான் இருக்கிறது. அந்த ஆண்டு ஜூனில் 500 கடைகள் மூடப்பட்டதும் உண்மை. அதற்காக "குடி குறைந்துவிட்டது" என்று குதிக்கவும் முடியாது. இது ஆயத்தீர்வையும் மதிப்புக் கூட்டு வரியும் சேர்ந்த தொகை. எத்தனை பாட்டில் விற்றது என்பதை இது சொல்லாது. விலையையும் வரியையும் ஏற்றினால் விற்பனை அப்படியே இருந்தாலும் இந்த எண் ஏறும். குடியின் அளவு வேண்டுமென்றால் பெட்டிக் கணக்குதான், அதாவது எத்தனை பெட்டி மது விற்றது என்ற கணக்குதான் வேண்டும்.

இன்னொரு உதாரணம். பீகாரில் 2016 ஏப்ரலில் முழுத் தடை வந்தது. தேசியக் குடும்ப நல ஆய்வின் நான்காம் சுற்றில், அதாவது தடைக்கு முன்பு, அங்கே குடிக்கும் ஆண்கள் சுமார் 29 சதவீதம். 2019-20இல் எடுத்த ஐந்தாம் சுற்றில் 15.5. "பாதியாகக் குறைந்தது, தடை வென்றது" என்று எழுதிவிடலாம்தானே? நானும் எழுதினேன், பெரியம்மாவுக்கு போன் போட்டும் சொன்னேன்.

மறுநாள் தமிழ்நாட்டு விவரத்தாளைத் திறந்தேன். நான்காம் சுற்றில் 46.7, ஐந்தாம் சுற்றில் 25.4. தடையே இல்லாத இங்கேயும் ஏறத்தாழ பாதிதான்! குழம்பிப்போய் அட்டவணையின் தலைப்பு வரியைப் படித்தேன். நான்காம் சுற்றில் 15 முதல் 49 வயது ஆண்கள், ஐந்தாம் சுற்றில் 15 வயதும் அதற்கு மேலும். அளந்த ஆட்களே வேறு. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கழித்தது என் தப்பு. இதோடு, குடித்தால் ஜெயில் என்ற ஊரில் வீடு தேடி வந்து, "குடிப்பீர்களா?" என்று கேட்டால் எத்தனை பேர் உண்மை சொல்வார்கள்? அன்றிலிருந்து எண்ணுக்கு முன்னால் தலைப்பு வரியைப் படிக்கிறேன். யாரை, எப்போது, என்ன கேட்டார்கள்?

இதற்காகப் பீகார் தடை வீண் என்றும் ஆகாது. 2024இல் லான்செட் குழும மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு, இதே குடும்ப நல ஆய்வுத் தரவுகளை அக்கம்பக்கத்து மாநிலங்களோடு ஒப்பிட்டு, தடையால் தினமோ வாரமோ குடிப்பவர்கள் 24 லட்சம் பேர் குறைந்ததாகவும், கணவன் கையால் வன்முறைக்கு ஆளாவது 21 லட்சம் பெண்களுக்குத் தவிர்க்கப்பட்டதாகவும் மதிப்பிட்டது. பக்கத்து மாநிலத்தோடு ஒப்பிடுவது, நான் செய்த கழித்தலை விட எவ்வளவோ மேல். எதிர்ப்பக்கத்தில், 2021இல் அன்றைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா, முன்யோசனை இல்லாமல் எழுதிய சட்டத்துக்கு உதாரணமாகப் பீகார் மதுவிலக்கைச் சொன்னார்; நீதிமன்றங்களில் வழக்குகள் தேங்கிக் கிடந்தன. 2022இல் முதல்முறை பிடிபடுபவர்களுக்கு அபராதத்தோடு விட்டுவிடும்படி பீகார் அரசே சட்டத்தைத் திருத்தியது. நோட்டில் இரண்டுமே ஏறட்டும்.

கிடைக்காத எண்ணுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) மனு போடுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். "ஏன் மூடவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. "இன்ன மாவட்டத்தில், இன்ன ஆண்டில், மாதவாரியாக விற்ற பெட்டிகளின் எண்ணிக்கை" என்று கோப்பில் இருக்கக்கூடியதைக் கேளுங்கள்.

ஐந்தாம் படி: எழுதியதை அவர்களிடமே காட்டுங்கள்

ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு பக்கம், அவ்வளவுதான். அந்தத் தரப்பின் மிகப் பலமான வாதத்தை அவர்கள் சொல்வது போலவே எழுதுங்கள், நக்கல் வேண்டாம். அப்புறம் அந்தப் பக்கத்து ஆளிடம் கொடுத்து, "நீங்கள் சொல்ல வருவது இதுதானா?" என்று கேளுங்கள்.

மாமா தன் பக்கத்தைப் படித்துவிட்டு, மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் ஏறத்தாழ கால்பங்கு இது என்பதைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "எல்லாம் சரிதான். அரசாங்கத்துக்கு வர்ற காசை எழுதியிருக்க. எங்க வீட்டுல இருந்து போன காசு எங்கடா?"

அது எந்தப் பக்கத்திலும் இல்லை. அடுத்த வாரம் முழுக்க குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வைத் தோண்டினேன். சுருக்க அட்டவணையில் வெற்றிலை, புகையிலை, மது மூன்றையும் ஒரே வரியில் போட்டிருக்கிறார்கள். மதுவை மட்டும் பிரித்தெடுக்க மூலத்தரவுக்குள் இறங்க வேண்டும். இப்போது அதைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.