டர்பனில் டிசம்பர் லீவுக்கு இன்டர்ன்ஷிப் பிடிப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவில் நமக்குக் கோடை டிசம்பரில்தான், அதனால் சென்னையில் இருக்கும் சொந்தக்காரப் பையன் மே மாதம் இன்டர்ன்ஷிப் போகிறானே என்று பார்த்துக் குழம்ப வேண்டாம். நவம்பரில் பரீட்சை முடிந்து பிப்ரவரியில் வகுப்பு தொடங்குகிறது, ஆனால் நடுவில் உள்ள எல்லா நாளும் கைக்கு வராது, ஏனென்றால் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை கட்டுமானத் தொழில் கிட்டத்தட்ட மொத்தமும் மூடிக் கிடக்கும். சிவில் படிக்கிறவர்கள் ஆகஸ்டிலேயே எழுதிக் கேட்டு, பரீட்சை முடிந்த மறுவாரமே சைட்டில் நிற்கப் பாருங்கள். சட்டம் படிப்பவர்களுக்கு ஜூன், ஜூலை லீவிலும் பெரிய நிறுவனங்கள் இடம் தரும்.

விண்ணப்பத்தோடு அனுப்பும் அடையாள அட்டை நகலுக்கு, அது அசலைப் போன்றதே என்று போலீஸ் ஸ்டேஷனில் முத்திரை வாங்குங்கள், காசு கிடையாது. பழைய முத்திரையைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். நான் ஏழு மாதப் பழசை அனுப்பி ஒரு இடத்தைக் கோட்டை விட்டேன், அந்த இடத்துக்குப் போனவன் என் நண்பன்!

அப்புறம், சம்பளம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள், கூச்சம் வேண்டாம். டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்திலிருந்து துறைமுகப் பக்கம் தினமும் டாக்ஸியில் (பலர் சேர்ந்து போகும் மினிபஸ்) போய் வர ரொக்கம் வேண்டும். பல பொறியியல் படிப்புகளில் லீவு வேலை கட்டாயம், அதனால் கடைசி நாளன்று வேலை செய்ததாகக் கையெழுத்திட்ட கடிதத்தை வாங்காமல் கிளம்பாதீர்கள்.

எதுவும் கிடைக்கவில்லையா? சரி, மாமா கடைக் கல்லாவில் உட்காருங்கள். கணக்கியல் படிப்பவருக்கு அதுவும் வேலைதான்.